குறுக்கு குச்சி இல்லாம ஒரு பட்டம்

எங்க மலேசியால பசார் மாலாம்ல, அதாவது ராத்திரி சந்தைல, பட்டம் பதினஞ்சு வெள்ளிக்கு (ரிங்கிட்) விக்கிறாங்க. கழுகு, சுறா, அது இதுன்னு கலர் கலரா தொங்கவிட்டிருப்பாங்க, பசங்க பாத்துட்டா அந்த இடத்த விட்டு நகர மாட்டாங்க. வாங்கி கொடுத்தா ரெண்டே நாள்ல நடுவுல போற குறுக்கு குழாய் கழண்டு எங்கயாவது விழுந்துடும், அது போச்சுன்னா பட்டமே போச்சு. அதனால இந்த லீவுக்கு அக்கா பசங்க பெஸ்தாரி ஜெயாவுக்கு வந்தப்ப முதல்லயே சொல்லிட்டேன், குறுக்கு குச்சியே இல்லாத பட்டம் செய்வோம்டா, ரெண்டு வெள்ளி கூட ஆகாதுன்னு. (எங்க ஊர இன்னும் பழைய பேர்ல பத்தாங் பெர்ஜுந்தைன்னே சொல்றவங்க கோச்சுக்காதீங்க, நானும் வீட்டுல அப்படித்தான் சொல்றேன்.)

இதுக்கு ஸ்லெட் பட்டம்னு பேரு. அமெரிக்கால ஒஹாயோ மாநிலத்துல டேட்டன்னு ஒரு ஊரு, ரைட் சகோதரர்கள் இருந்த ஊருதான், அங்க வில்லியம் அலிசன்னு ஒருத்தர் 1950கள்ல இதுக்கு பேடன்ட் வாங்கினாரு. மேலேர்ந்து கீழ ரெண்டு குச்சி, அவ்வளவுதான், படுக்கை வசத்துல ஒண்ணுமே கிடையாது. காத்து உள்ள புகுந்து பிளாஸ்டிக்க வெளிய தள்ளும், கயிறு ரெண்டு பக்க இறக்கையையும் பிடிச்சு நம்ம பக்கம் இழுக்கும், அந்த ரெண்டுக்கும் நடுவுல பட்டம் தானா விரிஞ்சு நிக்கும். காத்து நின்னா சுருண்டுடும். வேலை முடிஞ்சதும் சுருட்டி மோட்டார் சீட்டுக்கு கீழ வெச்சுக்கலாம், அது ஒரு பெரிய வசதி.

கிளந்தான் மாநிலத்துக்காரங்க செய்ற வாவ் பூலான்ங்கிற அலங்கார பட்டத்தோட எல்லாம் இதை ஒப்பிடக்கூடாது. 1989ல வந்த அம்பது சென் காசுல இருக்குமே, அதுதான் வாவ். மூங்கில சீவி வளைச்சு, கலர் தாள்ல பூவும் கொடியும் வெட்டி ஒட்டி, தலைக்கு மேல வில்லு கட்டி காத்துல ஙொய்ங்னு சத்தம் வர வைக்கிறது பெரிய கைத்தொழில், வருஷக்கணக்கா கத்துக்கணும். நம்மளுது அரை மணி நேர வேலை.

சாமான்னு பாத்தா கருப்பு குப்பை பை ஒண்ணு, செலோடேப், நூலு, கத்தரி. குச்சிக்கு எங்க செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்துல பஞ்சமா என்ன, மட்டை வெட்டி வரிசைக்கு நடுவுல அடுக்கி வெச்சிருப்பாங்கல்ல, அந்த ஓலைய உரிச்சு நடுவுல இருக்குற ஈக்கு எடுத்துக்கலாம், இல்லன்னா வீட்டுல இருக்குற வெளக்கமாத்துலேர்ந்து அம்மாவுக்கு தெரியாம ஒரு நாலு உருவிக்கலாம். பச்சையா எடுத்தா வளையும், நல்லா வெயில்ல காஞ்சிருக்கணும். இன்னொண்ணு, ஈக்கு அடில தடிமனா இருக்கும், நுனி போகப்போக மெலிசாயிடும், அதனால ரெண்டு ஈக்க எடுத்து ஒண்ணோட அடிய இன்னொண்ணோட நுனிக்கு வெச்சு சேத்து டேப் சுத்திட்டா முழுக்க ஒரே தடிமன் வந்துடும். ரெண்டு குச்சியும் ஒரே எடையா இருக்கணும்ங்கிறது ரொம்ப முக்கியம், இல்லன்னா மேல போனதும் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டே இருக்கும். சின்ன பசங்களுக்கு குட்டி பட்டம் போதும்னா சாத்தே குச்சியே போதும், கூர் முனைய மட்டும் வெட்டிடுங்க.

அளவுக்கு எல்லாரும் பயப்படுறாங்க, பயப்பட ஒண்ணுமே இல்ல. உங்க குச்சி எவ்வளவு நீளமோ அதை மூணா பிரிங்க, அந்த ஒரு பங்குதான் உங்க அளவுகோல். குச்சி 60 சென்டிமீட்டர்னா ஒரு பங்கு 20. பைய பிரிச்சு விரிச்சு, 60 உயரத்துக்கு வெட்டி, அதை பாதியா மடிச்சு தரைல போடுங்க, மடிப்பு ஒரு பக்கம். மடிப்புலேர்ந்து மேல் ஓரத்துல 20 தள்ளி ஒரு புள்ளி, கீழ் ஓரத்துலயும் 20 தள்ளி ஒரு புள்ளி, அப்புறம் மேலேர்ந்து 20 இறங்கி மடிப்புலேர்ந்து 40 தள்ளி ஒரு புள்ளி, அதுதான் இறக்கை முனை. மூணையும் கோடு போட்டு சேத்து ரெண்டு அடுக்கையும் ஒண்ணா வெட்டிடுங்க. விரிச்சா உயரம் 60, அகலம் 80, ஆறு மூலை. மடிச்சு வெட்டுறதால ரெண்டு பக்கமும் அச்சு அசல் ஒண்ணா வரும், விரிச்சு வெச்சு தனித்தனியா வெட்டுனா கண்டிப்பா கோணும். நடு மடிப்புலேர்ந்து ரெண்டு பக்கமும் 20 தள்ளி, மேல் மூலைலேர்ந்து கீழ் மூலை வரைக்கும் குச்சிய நேரா வெச்சு டேப் ஒட்டுங்க, முனைங்கள்ல மட்டும் டேப்ப மடிச்சு ரெண்டு பக்கமும் பிடிக்கிற மாதிரி.

கீழ் பாதில நடுவுல ஒரு முக்கோண ஓட்டை போடலாம். ஸ்காட் ஸ்லெட்னு சொல்ற டிசைன்லேர்ந்துதான் இந்த ஓட்டை பிரபலமாச்சு, அதிகமா அடிக்கிற காத்து அது வழியா வெளிய போயிடறதால பட்டம் ஆடாம நிக்கும். முதல்ல ஓட்டை இல்லாம விட்டு பாருங்க, ரொம்ப ஆட்டம் போட்டா அப்புறம் வெட்டிக்கலாம். ஓட்டை ஓரத்துல டேப் ஒட்ட மறந்துடாதீங்க, இல்லன்னா கிழிசல் அங்கேர்ந்துதான் ஆரம்பிக்கும். வாலே தேவையில்லம்பாங்க, ஆனா காத்து ஜாஸ்தியா இருக்குற நாள்ல ரெண்டு குச்சி அடிலயும் ராப்பியா கயிறு (பிளாஸ்டிக் நாடா) ஒரே நீளத்துக்கு கட்டிவிட்டா நல்லாதான் இருக்கு, பசங்களுக்கும் அந்த கலர் பிடிக்குது.

இப்ப சூத்திரம், அதாவது பட்டத்தையும் பறக்க விடுற நூலையும் சேக்குற கட்டு. இத ஒழுங்கா கட்டாமதான் முக்காவாசி பட்டம் ஏறாம போகுது, அப்புறம் பிளாஸ்டிக்க குறை சொல்றது, காத்த குறை சொல்றது. இறக்கை முனை ரெண்டுலயும் டேப்ப ரெண்டு மூணு மடிப்பா ஒட்டி, அதுல ஓட்டை போட்டு, ஒரே நூலோட ரெண்டு நுனியையும் கட்டணும். நீளம் எவ்வளவுன்னா, 60 சென்டிமீட்டர் பட்டத்துக்கு ரெண்டு மீட்டர் குடுங்க, கஞ்சத்தனம் பண்ணாதீங்க. குட்டையா கட்டினா என்ன ஆகும்னா, கயிறு ரெண்டு இறக்கையையும் ஒண்ண பாத்து ஒண்ணு இழுக்கும், நடுவுல விரியவே இடம் இருக்காது, பட்டம் மூடிக்கும். நீளமா இருந்தா அந்த இழுப்பு நேரா நம்ம பக்கம் வரும், இறக்கை விறைப்பா நிக்கும். கட்டி முடிச்சதும் ரெண்டு இறக்கை முனையையும் ஒண்ணா சேத்து பிடிச்சு நூல இழுத்து பாருங்க, சரியா நடு எங்க வருதோ அங்க ஒரு கண்ணி முடிச்சு, அதுலதான் பறக்க விடுற நூல். முடிச்சு ஒரு விரக்கடை தள்ளிப் போனாக்கூட பட்டம் சாஞ்சிக்கிட்டே போகும், அவுத்து மறுபடியும் போடுங்க, வேற வழியில்ல. தூண்டில் நூல் சிலர் போடுவாங்க, கையை அறுக்கும், தடிச்ச பருத்தி நூல மைலோ டின்ல சுத்தி வெச்சுக்கிட்டா பசங்களுக்கு சுலபம்.

எங்க விடுறதுங்கிறதுதான் தோட்டத்துல பிரச்சனை. மரத்துக்கு பக்கத்துல நின்னா காத்து மரத்துல மோதி சுழண்டு சுழண்டு வரும், ஸ்லெட் பட்டம் மூடி மூடி விழும். வயசான மரத்த சாச்சுட்டு ரீபிளான்டிங் பண்ற பக்கம் நல்லா திறந்து கிடக்கும், தோட்டத்து மேஸ்திரி மண்டோர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு போங்க, குழியும் பாம்பும் பாத்துக்கங்க. இல்லன்னா ஸ்கூல் படாங், மைதானம்தான். காரு இருக்கா, செக்கிஞ்சான் பக்கம் அறுவடை முடிஞ்ச வயலுக்கு போயிடுங்க, கடல் காத்து தடையே இல்லாம வரும். இலை நிக்காம ஆடிக்கிட்டு இருக்குற அளவு காத்து போதும், ஓட வேண்டாம், காத்துக்கு முதுக காட்டி நின்னு, இன்னொருத்தர் தூரத்துல பட்டத்த விரிச்சு பிடிச்சு விட்டா ஏறிடும். மேல போயி மூடிக்கிச்சுன்னா நூல டக்குனு ஒரு இழுப்பு இழுங்க, விரிஞ்சிடும்.

சாயங்காலம் மேகம் கருத்துடுச்சுன்னா உடனே இறக்கிடணும், நம்ம ஊரு இடி தெரியும்ல. கரண்டு கம்பி இருக்குற பக்கம் போகவே கூடாது, கம்பில மாட்டினா அப்படியே விட்டுட்டு வந்துடுங்க, கம்பு விட்டு எடுக்கிற வேலையெல்லாம் வேணாம். கண்ணாடி பூசின நூலு எங்க வீட்டுல கிடையவே கிடையாது, அக்கா பையன் கேட்டான், முடியாதுன்னுட்டேன். செம்பனைல மாட்டினாலும் ஏறாதீங்க, மட்டை முள்ளு கையை கிழிச்சிடும், குப்பை பை கட்டுல இன்னும் பத்தொம்பது பை இருக்கு, புதுசா செஞ்சுக்கலாம், ஈக்குக்கு அம்மாகிட்ட மட்டும் ஒழுங்கா கேட்டுக்கங்க.