கையொப்பமிடாத விண்ணப்பம்

"அந்தப் பாடத்தில் எனக்கு வேண்டியது இரண்டு வாரம்தான் வருகிறது சார், மீதி வாரங்களை நான் எதற்காகக் கேட்க வேண்டும்?" என்று அந்த முதுநிலை மாணவி கேட்டார். "மீதி வாரங்களில் எது உனக்குப் பயன்படும் என்று இப்போதே உனக்குத் தெரியாதே" என்றேன். அந்தப் பதில் சரியென்றே இன்றும் நினைக்கிறேன். அதை அன்று சொல்லும் நிலையில் நான் இருந்தேனா என்பதில்தான் தெளிவில்லை.

ஒரே நபர்களிடம் பலமுறை திரட்டப்படும் நீள்காலத் தரவுகள் பற்றிய விருப்பப் பாடத்துக்குப் பதிலாக, விடுபட்ட தரவுகளைக் கையாளும் முறைகளை என் மேற்பார்வையில் தனியே படிக்க அவர் அனுமதி கேட்டிருந்தார். அவருடைய ஆய்வில் பங்கேற்றவர்களில் பலர் இடையிலேயே விலகியிருந்தனர். அவர்களை நீக்கிவிட்டுக் கணக்கிட்டால் முடிவு ஒருபக்கம் சாயக்கூடும் என்பதை அவரே உணர்ந்திருந்தார். புள்ளியியலாளர் டொனால்டு ரூபின் 1976-இல் எழுதிய கட்டுரையில் தொடங்கி வாரவாரியாகப் படிக்க வேண்டியவற்றை வரிசைப்படுத்தி, முடிவில் தம் தரவுகளைக் கொண்டே ஓர் அறிக்கை தருவதாகவும் எழுதியிருந்தார். வேண்டிய பொருளுக்கென்று பாடம் இல்லாமலும், அடிப்படைப் பாடங்கள் முடிந்தும், இறுதியில் எழுதப்போவது இன்னதென்று மாணவருக்கே தெரிந்தும் இருந்தால் தனிப்படிப்பு பொருந்தும் என்று எல்லோரிடமும் சொல்பவன் நான். அந்த அளவுகோலின்படி அவருக்கு மறுப்புச் சொல்ல இடமே இல்லை.

ஆயினும் மறுக்கக் காரணங்கள் இருந்தன. தனிப்படிப்பில் வாராந்தரச் சந்திப்பு ஒருமுறை தள்ளிப்போனால், பிறகு தள்ளிப்போவதே வழக்கமாகிவிடுகிறது. அதைவிட முக்கியமாக, தரவு எதனால் விடுபட்டது என்ற அனுமானத்தை அந்தத் தரவை மட்டும் வைத்துச் சோதித்து முடிவுசெய்ய இயலாது. அத்தகைய பொருளை இருவர் மட்டும் பேசிப் படிக்கும்போது, குறுக்கே கேள்வி கேட்கும் சக மாணவர் இல்லாமல், ஆசிரியரின் சாய்வுகளையே மாணவர் தம் தீர்மானங்களாக ஏற்றுக்கொண்டுவிடும் ஆபத்து உண்டு.

இவ்வளவும் உண்மை. ஆனால் போதிய மாணவர்கள் சேராததால் சக ஆசிரியர் ஒருவரின் அந்த விருப்பப் பாடம் கைவிடப்படும் நிலையில் இருந்ததும், தனிப்படிப்புக்குச் செலவிடும் நேரம் என் பணிச்சுமைக் கணக்கில் ஏறாது என்பதும் எனக்கு அப்போது தெரிந்தே இருந்தன, அவரிடம் சொல்லவில்லை. அவை என் முடிவைத் தீர்மானிக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவற்றை அறியாத வேறொருவர் அந்த விண்ணப்பத்தை என்ன செய்திருப்பார் என்று எண்ணும்போது அந்த உறுதி தளர்கிறது.

அவர் அந்தப் பாடத்தையே எடுத்தார். எல்லோருக்கும் பொதுவான போக்கோடு ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டையும் சேர்த்துக் கணக்கிடும் கலப்பு மாதிரிகளை அங்கே கற்றார், அவையே பின்னர் அவருடைய பகுப்பாய்வுக்கு அடிப்படையாயின. விலகியதற்கான காரணம் பதிவான தரவுகளால் விளங்கக்கூடியதாக இருந்தால், இடைவெளிகளை நிரப்பாமலேயே அம்மாதிரிகளைப் பொருத்தலாம். என் வாதம் வென்றது என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அவர் எழுதித் தந்த பட்டியலின் நடுவிலும் கலப்பு மாதிரிகள் இருந்தன.

இப்போதெல்லாம் பாடத்தின் நிலையையும் என் பணிச்சுமையையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அண்மையில் ஒரு மாணவர் அதைக் கேட்டதும், "பரவாயில்லை சார், பாடத்தையே எடுத்துக்கொள்கிறேன்" என்று தம் விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அதன் தகுதியை நான் பார்க்கவே இல்லை.