மாரிக்கு வாங்கின கெப்

பெரும்போகத்துக்கு உரமும் விதைநெல்லும் மட்டக்களப்புப் படுவான்கரை வயலுக்கு ஏற்றத்தான் இந்தப் பழைய டீசல் டபுள் கெப்பை, அதாவது இரண்டு வரிசை சீட்டும் பின்னால் சாமான் தட்டும் உள்ள பிக்கப்பை வாங்கினோம். 2020 இல் நிறுத்தின வாகன இறக்குமதியை 2025 இல்தான் திரும்பத் திறந்தார்கள், பழசுக்கும் இன்னும் கொள்ளை விலை.

வாங்கின கையோடு தொல்லை. மண்முனைப் பாலம் கடந்து கொக்கட்டிச்சோலைப் பக்கம் வயல் பாதையில் இறங்கினால் நாலு சில்லும் இழுக்கிறதைக் காட்டுகிற ஃபோர் வீல் லைட் மினுங்கிக்கொண்டே இருக்கிறது, முன் சில்லு இழுக்கவே இல்லை, உர மூட்டையோடு சேற்றில் புதைந்து கடைசியில் பக்கத்து வயல் அண்ணன்தான் டிராக்டரால் இழுத்து விட்டார். முன் அச்சைப் பூட்டுகிற வேக்குவம் ஹோஸ் வெடித்திருந்ததாம். சின்ன ரப்பர் குழாய்தான், ஆனால் அதில் காற்று ஒழுகினால் அச்சு பூட்டாது.

சரி, அதை மாற்றினால் அடுத்தது டீசலில் தண்ணீர். டாங்க் மூடியின் ரப்பர் காய்ந்துபோய், அடைமழையில் தண்ணீர் உள்ளே இறங்கி, ஏற்றத்தில் எஞ்சின் திணறி நின்றுவிடுகிறது. மழைக்காலத்தில் டீசல் வாகனம் வைத்திருப்பவர்கள் ஃபில்டருக்கு அடியில் இருக்கிற திருகைத் தளர்த்தித் தண்ணீரை அடிக்கடி வடியவிடுங்கள், பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் அது போனால் செலவு தாங்காது. விற்றவர் இதில் ஒன்றையும் சொல்லவில்லை, அதுதான் எனக்குக் கோபம்.

டாங்க் மூடி நல்லதாக மட்டக்களப்பிலோ கல்முனையிலோ எங்கே கிடைக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், விதைப்பு நிற்கிறது.