கனடாவோட சஸ்காச்சுவான் மாகாணத்துல வாத்து வேட்டைக்கு விவசாயிங்ககிட்ட பெர்மிஷன் வாங்கின அனுபவம்

சஸ்காட்டூன்ல எனக்குத் தெரிஞ்ச நம்மாளுங்க சில பேர் ஆசையா கோர்ஸ் முடிச்சு, துப்பாக்கி லைசென்ஸ் வாங்கி, வேட்டை லைசென்ஸும் வாங்கிட்டு, கடைசியில ஒரு விவசாயி வீட்டு வாசல்ல போய் நின்னு கேக்குறதுக்குத் தயங்கியே விட்டுட்டாங்க. அவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். நான் இப்போ சில சீசனா ரோஸ்டவுன், கிண்டர்ஸ்லி பக்கம் ஹைவே 7 ஓரத்து நிலங்கள்ல கேட்டுத்தான் சுடுறேன், அதுல தெரிஞ்சுக்கிட்டதை மட்டும் சொல்றேன்.

பேப்பர் வேலையைச் சுருக்கமா முடிச்சுடுறேன். ஃபயர்ஆர்ம்ஸ் சேஃப்டி கோர்ஸ், எழுத்துத் தேர்வு, ப்ராக்டிகல், அதுக்கப்புறம் பிஏஎல்-க்கு, அதாவது துப்பாக்கி வச்சுக்கிறதுக்கான லைசென்ஸுக்கு அப்ளை பண்ணணும், முதல் தடவைன்னா குறைஞ்சது 28 நாள் காத்திருக்கணும், ஃபார்ம்ல வீட்டுக்காரம்மா கையெழுத்தும் கேப்பாங்க. 1971 ஜனவரி 1-க்கு அப்புறம் பொறந்தவங்கன்னா ஹன்டர் எஜுகேஷனும் முடிச்சிருக்கணும். மாகாணத்தோட கேம் பேர்ட் (வேட்டைப் பறவை) லைசென்ஸ் ஒண்ணு, வாத்து வலசைப் பறவைங்கறதால மத்திய அரசோட பெர்மிட் ஒண்ணு, அந்தப் பெர்மிட்டுக்கான ஸ்டாம்ப் ஒண்ணு. ஈயக் குண்டு கூடாது, ஸ்டீல் மாதிரி விஷமில்லாத குண்டுதான் போடணும், துப்பாக்கியில மூணு தோட்டாவுக்கு மேல ஏறக் கூடாது. நம்ம ஊர்ல 1972 வனவிலங்குச் சட்டத்துக்கு அப்புறம் பறவையைச் சுட்டா கேஸ்தான், அதனால இங்க கவர்மென்ட்டே ஒரு நாளைக்கு ஸ்நோ கூஸ்ங்கற வெள்ளை வாத்து 20, கனடா கூஸ் வகையறா 8-னு கணக்கு வச்சுக் குடுக்குறதைக் கேட்டா ஊர்ல நம்ப மாட்டேங்குறாங்க. இந்தக் கணக்கு மாறலாம், அந்தந்த வருஷத்து ரூல்ஸைப் பார்த்துக்கோங்க.

இப்போ நிலத்து விஷயம். முன்னாடி இந்த மாகாணத்துல போர்டு வைக்காத நிலம்னா நடந்து போய்ச் சுடலாம்னு இருந்துச்சு, வேண்டாம்னு நினைக்கிற விவசாயிதான் செலவு பண்ணி போர்டு அடிக்கணும். 2022 ஜனவரி 1-லேர்ந்து அது தலைகீழா மாறிடுச்சு, போர்டு இருந்தாலும் இல்லாட்டியும் தனியார் நிலத்துல கால் வைக்கிறதுக்கு முன்னாடியே சம்மதம் வாங்கியிருக்கணும். வாயால சொன்னாலும் போதும், மெசேஜ்ல சொன்னாலும் போதும், ஆனா முன்கூட்டியே வாங்கியிருக்கணும். பழைய ஆளுங்க சில பேர் இதுல இன்னமும் கடுப்பா இருக்காங்க. எனக்கு இது சரின்னுதான் படுது. எங்கப்பா வயல்ல யாராவது கேக்காம வரப்பைத் தாண்டி இறங்கினா எங்க வீட்டுல என்ன சத்தம் வரும்னு எனக்குத் தெரியும்.

ஆனா இந்தச் சட்டத்துக்குப் பின்னாடி ஒரு வலியும் இருக்கு, அதைச் சொல்லாம போக முடியாது. 2016 ஆகஸ்ட்ல, நான் இப்போ வேட்டைக்குப் போற ஏரியாவுக்கு ரொம்பத் தூரம் இல்லாத பிக்கர் ஊர்ப் பக்கம், கோல்டன் பூஷிங்கற 22 வயசு க்ரீ பழங்குடி இளைஞர் ஒரு பண்ணை வீட்டு முற்றத்துல சுடப்பட்டு இறந்தார். 2018 பிப்ரவரியில அந்தப் பண்ணைக்காரரை ஜூரி விடுதலை பண்ணிடுச்சு. அதுக்கப்புறம்தான் இந்த அத்துமீறல் சட்டத்தை மாத்தலாமான்னு கவர்மென்ட் மக்கள்கிட்ட கருத்துக் கேக்க ஆரம்பிச்சது. பழங்குடித் தலைவர்கள் பல பேர் இதை எதிர்த்தாங்க, அவங்க பக்கம் இருந்த பயம் நியாயமானது. நம்மள மாதிரி கறுத்த தோல் உள்ள ஒருத்தன் தெரியாத பண்ணைக்குள்ள வண்டியைத் திருப்பும்போது மனசுல ஒரு இறுக்கம் வரத்தான் செய்யும். எனக்கு இதுவரை யாரும் ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்ல, இருந்தாலும் அந்த இறுக்கம் எதுக்குன்னு நம்மாளுங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும், அதனாலதான் எப்படி உள்ள போகணும்னு கீழ கொஞ்சம் விலாவாரியா சொல்றேன்.

முதல்ல வாத்து எங்க இறங்குதுன்னு கண்டுபிடிக்கணும். செப்டம்பர், அக்டோபர்ல சாயங்காலம் கிரிட் ரோட்டுல (வயலுக்கு நடுவுல போற சரளை ரோடு) வண்டியை மெதுவா ஓட்டிக்கிட்டுப் போனா, தண்ணியிலேர்ந்து கிளம்பி எந்த அறுத்த வயலுக்குப் போகுதுங்கன்னு தெரியும், பட்டாணி வயல், பார்லி வயல்னா அதுங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். யாரும் கலைக்கலைன்னா மறுநாள் காலையிலயும் பெரும்பாலும் அதே இடத்துக்குத்தான் வரும். இங்க நிலம் எல்லாம் மைல் கணக்குல சதுரம் சதுரமா அளந்தது, ஒரு செக்‌ஷன் 640 ஏக்கர், அதை நாலாப் பிரிச்சா 160 ஏக்கர் ஒரு குவார்ட்டர். ரூரல் முனிசிபாலிட்டி ஆபீஸ்ல விக்கிற மேப்ல ஒவ்வொரு குவார்ட்டர் மேலயும் நிலத்துக்காரர் பேர் போட்டிருக்கும். அதுல தேடி, பக்கத்து ஊர் பெட்ரோல் பங்க்லயோ கோ-ஆப் கடையிலயோ விசாரிச்சா ஆளைப் பிடிச்சுடலாம்.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. மேப்ல இருக்குற பேரு நிலத்துக்குச் சொந்தக்காரர் பேரு, அவர் கால்கரியில ரிட்டயர்டா இருப்பார், இல்ல பேருக்குப் பதிலா வெறும் நம்பர் போட்ட கம்பெனியா இருக்கும், உழுறவர் வேற ஒருத்தர், குத்தகைக்கு எடுத்தவர். சட்டப்படி சொந்தக்காரரோ, இல்ல அந்த நிலத்தை வச்சிருக்கிறவரோ சம்மதிக்கலாம். நான் எப்பவும் உழுறவரைத்தான் தேடிப் போவேன், ஏன்னா என்ன விதைச்சிருக்கு, எங்க ஈரம், மாடு எந்தப் பக்கம் மேயுதுன்னு அவருக்குத்தான் தெரியும். அவரும் சில நேரம் ஓனர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்னு சொல்வார், அப்போ காத்திருக்கணும்.

பண்ணை வீட்டுக்குப் போறப்போ பகல் வெளிச்சத்துல போங்க. வேட்டை டிரஸ் வேண்டாம், சாதாரண சட்டை. துப்பாக்கி வண்டியிலயே இல்லாம இருந்தா ரொம்ப நல்லது. வண்டியை வீட்டுக்கு எதிர்ல, ஜன்னல்லேர்ந்து பார்த்தா தெரியுற மாதிரி நிறுத்திட்டு, நாய் குரைச்சா இறங்காம ஒரு நிமிஷம் உக்காந்திருங்க, யாராவது எட்டிப் பார்ப்பாங்க. ஷெட்டுக்குள்ள யாராவது இருக்காங்களான்னு சுத்திச் சுத்தித் தேடாதீங்க. அறுவடை நேரத்துல கம்பைன் ஓடிட்டிருக்கும்போது வயலுக்குள்ள போய்க் கையைக் காட்டி நிறுத்தவே கூடாது, அவங்க மழைக்கு முன்னாடி முடிக்கணும்னு ராத்திரி பகலா ஓட்டிட்டிருப்பாங்க.

நான் சொல்றது எப்பவும் ஒரே மாதிரிதான். பேரு, சஸ்காட்டூன்ல எங்க இருக்கேன், என்ன வேலை, "உங்க வீட்டுக்குத் தெற்கால இருக்குற பட்டாணித் தாள்ல நேத்து சாயங்காலம் ஸ்நோ கூஸ் நிறைய இறங்குச்சு, நாளைக்குக் காலையில நானும் என் ஃப்ரெண்டும் மட்டும் வரலாமா, மதியத்துக்குள்ள கிளம்பிடுவோம்." அவ்வளவுதான். எந்தப் பறவை, எந்தக் குவார்ட்டர், எத்தனை பேர், எத்தனை வண்டி, எப்போ வருவோம், எப்போ போவோம். இதெல்லாம் அவங்க கேக்குறதுக்கு முன்னாடியே சொல்லிட்டா முகம் மாறுறது கண்ணுக்குத் தெரியும். பொதுவா "உங்க நிலத்துல வேட்டையாடலாமா"ன்னு கேட்டா எந்த விவசாயியும் யோசிப்பார், மான் வேட்டைக்கா, எத்தனை நாளைக்கு, இன்னும் யாரைக் கூட்டிட்டு வருவானோன்னு.

அடுத்து நான் கேக்குற முதல் கேள்வி, "வண்டியை உள்ள கொண்டு வரலாமா, இல்ல நடந்துதான் வரணுமா?" இதுதான் முக்கியம்னு ஒரு பெரியவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். துப்பாக்கிச் சத்தம் அவங்களுக்கு ஒரு பொருட்டே இல்ல, அவங்க பயமெல்லாம் மண்ணைப் பத்தித்தான். மழை பெஞ்ச வயல்ல டிரக்கும் டிரெய்லரும் இறங்கினா விழுற பள்ளம் அடுத்த வருஷம் விதைக்கிற வரைக்கும் அப்படியே கிடக்கும், மெஷின் அது மேல குதிச்சுக் குதிச்சுப் போகும். இன்னொண்ணு கிளப்ரூட், கனோலாங்கற எண்ணெய் வித்துப் பயிரோட வேர்ல வர்ற நோய், வேர் கழலை மாதிரி வீங்கிப் போயிடும், அதோட வித்து மண்ணுல பல வருஷம் உயிரோட இருக்கும், டயர்ல ஒட்டுற சேத்தோட ஒரு வயல்லேர்ந்து இன்னொரு வயலுக்குப் போயிடும். நேத்து இன்னொரு பண்ணையில ஓட்டின வண்டியைக் கழுவாம இன்னிக்கு இவர் வயல்ல விடுறோம்னா அவர் சோத்துல கை வைக்கிறோம்னு அர்த்தம். காய்ஞ்ச வருஷத்துல இன்னொரு பயம், வண்டியோட சூடான சைலன்ஸர் பட்டு அறுத்த தாள் பத்திக்கும். அதனால வண்டி விடலாம்னு அவங்களே சொன்னாலும் நான் ஓரத்துல நிறுத்திட்டு டெகாய் (வாத்தை இழுக்குற பொம்மை வாத்து) பையை எல்லாம் ஸ்லெட்ல, அதாவது சறுக்குப் பலகையில வச்சு இழுத்துட்டுத்தான் போறேன். முதுகு வலிக்கும், பரவாயில்ல.

முடியாதுன்னு சொன்னவங்களும் நிறைய இருக்காங்க. ஒருத்தர் கதவைப் பாதி திறந்துட்டு, போன வருஷம் யாரோ கேட்டைத் திறந்து போட்டுட்டுப் போய் மாடு ரோட்டுக்கு வந்துடுச்சு, இனிமே யாருக்கும் இல்லைன்னார். இன்னொருத்தர் காரணமே சொல்லல. காரணம் கேக்கவும் கூடாது, அது அவர் நிலம். நன்றி சொல்லிட்டு, வழியில வேற யாராவது கேக்காம உள்ள இருக்குறதைப் பார்த்தா உங்களுக்குச் சொல்லட்டுமான்னு மட்டும் கேட்டேன். அவர் நம்பர் குடுத்தார். பெர்மிஷன் குடுக்கல, நம்பர் குடுத்தார், அதை நான் பெரிசா மதிக்கிறேன்.

சில பேர் நாம கேட்டு முடிக்கிறதுக்குள்ளயே வாங்கன்னுடுவாங்க. பார்லியை வெட்டி வரிசையா காயப் போட்டிருக்கும்போது மழை பிடிச்சுக்கிட்டா எடுக்க முடியாது, அந்த நேரத்துல ஸ்நோ கூஸ் கூட்டம் இறங்கினா தின்னதை விட மிதிச்சு நாசம் பண்றது அதிகம். நஷ்டத்துக்கு கிராப் இன்ஷூரன்ஸ்ல இழப்பீடு உண்டு, ஆனா எந்த விவசாயிக்கும் விளைஞ்சதை அள்ளுறதுலதான் நிம்மதி. அப்படி ஒரு அம்மா, வீட்டுக்காரர் கம்பைன்ல இருக்கார், கணக்கு வழக்கெல்லாம் அவங்கதான், "நாளைக்கு எதுக்கு, இன்னிக்கே போங்க"ன்னாங்க. ஸ்நோ கூஸ் ரொம்பப் பெருகிடுச்சு, குளிர்காலத்துல அமெரிக்கா வயல்ல சிந்தின தானியத்தைத் தின்னு கொழுத்துட்டு வடக்க போய், சர்ச்சில் பக்கம் ஹட்சன் விரிகுடா ஓரத்துல சதுப்பு நிலப் புல்லை வேரோட பிடுங்கி மண்ணாக்கிட்டு இருக்குதுங்க. அதனாலதான் 1999-லேர்ந்து கனடாவுல வசந்த காலத்துலயும் அதுக்குன்னு தனி சீசன் விட ஆரம்பிச்சாங்க. இதைத் தெரிஞ்சுக்கிட்டுப் பேசினா விவசாயிங்களுக்கும் நாம சும்மா சுட வந்தவன் இல்லைன்னு புரியும்.

ஹட்டரைட் காலனி நிலமா இருந்தா வழி வேற. ஹட்டரைட்டுங்க கூட்டா வாழுற ஒரு கிறிஸ்தவப் பிரிவு, தனித்தனியா யாருக்கும் நிலம் கிடையாது. காலனிக்குள்ள போய் ஃபார்ம் பாஸ் யாருன்னு கேளுங்க, பயிர் விஷயமெல்லாம் அவர் கையில. நான் போனப்போ சின்னப் பசங்க ஓடி வந்து வண்டியைச் சுத்தி நின்னாங்க, தங்களுக்குள்ள ஜெர்மன்ல பேசிக்கிட்டாங்க, அவர் வந்து ரெண்டே கேள்வி கேட்டார், எந்த வயல், எத்தனை பேர். ஞாயித்துக்கிழமை மட்டும் வேண்டாம்னார். சரின்னேன், முடிஞ்சது.

வாயால சொன்னாலும் போதும்னு சட்டம் இருந்தாலும் நான் அன்னிக்கு ராத்திரியே ஒரு மெசேஜ் போட்டுடுவேன், மேப்ல அந்தக் குவார்ட்டரை வட்டம் போட்டு, தேதி, வண்டி நம்பரோட. அவங்க ஓகேன்னு ஒரு வார்த்தை அனுப்பினா ரெண்டு பக்கமும் தெளிவு. நான்தான் அந்த வண்டின்னு அவங்களுக்கும் தெரியும், இருட்டுல வயலோரம் லைட் தெரிஞ்சா பயப்பட வேண்டியதில்ல. வீடோ மாட்டுப்பட்டியோ இருந்தா 500 மீட்டருக்குள்ள அவங்க சம்மதம் இல்லாம சுடக் கூடாது, அதையும் மெசேஜ்லயே கேட்டுக்குவேன்.

முடிஞ்சதும் காலித் தோட்டா ஒண்ணு விடாம பொறுக்கணும், அடுத்தவங்க போட்டதையும் சேர்த்து. வாத்துக் கறியை அங்கயே போட்டுட்டு வந்தா அது குற்றம், 2022-ல வந்த மத்திய அரசு ரூல்ஸ்ல தெளிவாவே இருக்கு. நெஞ்சுக்கறி நல்ல செவப்பா ஆட்டுக்கறி மாதிரி இருக்கும், குக்கர்ல நல்லா விசில் விட்டு மிளகு தூக்கலா வறுத்தா அருமை. அந்த அம்மா வீட்டுக்கு ஒரு டப்பா கொண்டு போய்க் குடுத்தேன், மறுபடி கேட்டு வாங்கினாங்க, இப்போ சீசன் ஆரம்பிச்சா வாத்து வந்தாச்சுன்னு அவங்களே எனக்குச் சொல்றாங்க.

இன்னொண்ணு, ஒரு குவார்ட்டருக்கு வாங்கின சம்மதம் பக்கத்துக் குவார்ட்டருக்குச் செல்லாது. அடிபட்ட வாத்து சறுக்கிப் போய் வேலிக்கு அந்தப் பக்கம் விழும், அதை எடுக்கப் போறதுக்கும் அந்த நிலத்துக்காரர் சம்மதம் வேணும். அடிச்ச பறவையை அப்படியே விட்டுட்டு வர்றது எனக்குத் தாங்காது, அதனால முந்தின நாளே சுத்தி இருக்குற நிலம் யாரோடதுன்னு பார்த்து, "நான் உங்க பக்கம் சுட மாட்டேன், விழுந்தா மட்டும் துப்பாக்கியை வச்சுட்டு வந்து எடுத்துக்கட்டுமா"ன்னு கேட்டு வச்சுடுவேன். இதுக்கு இதுவரை யாரும் மாட்டேன்னு சொன்னதில்ல.