8.5-ஆ, 9.5-ஆ? டர்போ இன்ஜின் கட்டும் மேஜையிலிருந்து

வண்டிக்கு டர்போ (எக்ஸாஸ்ட் புகையில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) போட வருகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே கேட்பது ஒரு எண்ணைத்தான். கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் கீழிருந்து மேலே வரும்போது சிலிண்டருக்குள் இருக்கும் இடம் எத்தனை மடங்கு சுருங்குகிறது என்கிற ரேஷியோ, 8.5 வைக்கலாமா, 9.5 தாங்குமா? நான் பதிலுக்கு சிலிண்டரின் மேல்மூடியான ஹெட் எது, அதற்கு அடியில் வைக்கும் கேஸ்கெட் என்ன கனம், பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது ஹெட்டுக்கும் அதற்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்க ஆரம்பித்தால், கேட்டதற்குப் பதில் சொல்லாமல் சுற்றி வளைக்கிறானே என்று பார்ப்பார்கள். என்னைக் கேட்டால் கம்ப்ரஷன் ரேஷியோ முதலில் முடிவு செய்கிற விஷயமே இல்லை. ஹெட், எரியும் அறையின் வடிவம், உள்ளே வரும் காற்றின் சூடு, பெட்ரோல் இத்தனையும் தெரிந்த பிறகு கடைசியில் வந்து உட்காருகிற எண் அது.

குறைத்து வைத்தால் பாதுகாப்பு என்ற நினைப்பு பழைய காலத்திலிருந்து வந்தது, அப்போது அதில் நியாயமும் இருந்தது. 1978-ல் விற்பனைக்கு வந்த சாப் 99 டர்போவில் கம்ப்ரஷன் 7.2 தான். டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர வைக்கிற இன்டர்கூலர் கிடையாது, நாக்கிங்கை (கலவை தானாகவே பற்றிக்கொண்டு தட்டும் சத்தம்) கேட்டு டைமிங்கை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தை, பின்னால் இழுக்கிற கம்ப்யூட்டரும் கிடையாது. வேறு என்ன செய்வார்கள்? அதற்கும் முன்னால் 1962-ல் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயரில் 10.25 கம்ப்ரஷனிலேயே டர்போ வைத்துப் பார்த்தார்கள், தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தெளித்து நாக்கிங்கை அடக்கினார்கள். அந்தத் தொட்டியை ஓட்டுபவர் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பலர் நிரப்பவில்லை, அந்தக் கதை அப்படியே முடிந்தது.

ரோட்டில் ஓடும் வண்டி பெரும்பாலான நேரம் பூஸ்டே (டர்போ கூடுதலாகக் கொடுக்கும் காற்றழுத்தம்) இல்லாமல்தான் ஓடுகிறது என்பதை இந்தப் பேச்சில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சிக்னலில் கிளம்புவது, மூன்றாவது கியரில் ஊர்வது, பாதி ஆக்ஸிலரேட்டரில் மேடு ஏறுவது எல்லாம் கம்ப்ரஷனை நம்பித்தான் நடக்கிறது. ஏட்டுக் கணக்குப்படி 8-லிருந்து 9-க்குப் போனால் இன்ஜினின் திறன் 56.5 சதவீதத்திலிருந்து 58.5 ஆகிறது, அதாவது இருந்ததில் மூன்று நாலு சதவீதம் கூடுகிறது. படிக்க அற்பமாகத் தெரியும். ஆனால் 7.5-க்கு இறக்கிக் கட்டிய வண்டியை ஒரு வாரம் டிராஃபிக்கில் ஓட்டிப் பாருங்கள், டர்போ சுழல ஆரம்பிக்கும் வரை மிதித்தும் மிதிக்காத மாதிரி மந்தமாக இருக்கும்.

பயமுறுத்துவதற்கு ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். 9 கம்ப்ரஷன், 0.7 பார் பூஸ்ட் என்றால், வெளிக்காற்றின் 1 பாரையும் சேர்த்து 1.7 ஆக்கி, அதை 9-ஆல் பெருக்கி 15-க்கு மேல் போய்விட்டது, பெட்ரோல் தாங்காது என்பார்கள். அந்தக் கணக்கில் சூடு எங்கே? 30 டிகிரி காற்றை 70 சதவீதத் திறனுள்ள கம்ப்ரஸரில் 0.7 பார் அழுத்தினால் வெளியே வரும்போது 100 டிகிரியை ஒட்டி இருக்கும். நல்ல இன்டர்கூலர் அதை 50-க்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிடும். பூஸ்ட் மீட்டரில் இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்தான், உள்ளே நடப்பது வேறு வேறு. கடைசியாக எரியக் காத்திருக்கும் கலவை தானாகவே பற்றிக்கொள்வதுதான் நாக்கிங், அழுத்தத்தோடு சூடும் நேரமும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன.

அந்த நேரத்தைக் குறைப்பது ஹெட்டின் வேலை. பிளக் நடுவில் இருந்தால் தீ எல்லாப் பக்கமும் ஒரே தூரம் ஓடினால் போதும், ஓரத்தில் இருந்தால் எதிர்ச் சுவர் வரை ஓட வேண்டும், அதற்குள் அங்கே இருக்கும் கலவை பொறுமை இழந்துவிடும். அப்புறம் ஸ்க்விஷ். பிஸ்டனின் தட்டையான ஓரமும் ஹெட்டின் தட்டையான ஓரமும் நெருங்கி வரும்போது நடுவில் மாட்டிய கலவை பிதுங்கி பிளக் பக்கம் பாய்கிறது, கலக்கம் கூடி வேகமாக எரிகிறது. முதல் உலகப்போர் முடிந்த கையோடு ஹாரி ரிக்கார்டோ பக்க வால்வு இன்ஜின்களில் செய்து காட்டிய சமாச்சாரம் இது, இன்றைக்கும் கேஸ்கெட் வாங்கும்போது மறந்துபோகிறது.

எங்களிடம் வந்த ஒரு இரண்டு லிட்டர் இன்ஜின் இதற்கு நல்ல உதாரணம். 86 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் விட்டம்), 86 மில்லி ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), கம்பெனி வைத்த கம்ப்ரஷன் 9.5. வேறு எங்கோ கட்டியவர்கள் டர்போவுக்காகக் கம்ப்ரஷனை இறக்க வேண்டும் என்று 1.2 மில்லி கேஸ்கெட்டை இரண்டாக அடுக்கியிருந்தார்கள். கணக்கில் 8.6 வந்துவிட்டது, சரிதான். ஆனால் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவே 2.4 மில்லி திறந்து கிடந்தது. அந்த இடைவெளியில் ஸ்க்விஷ் வேலை செய்யாது, அங்கே தங்கும் கலவை கடைசி வரை எரியாமல் நின்று பிறகு மொத்தமாக வெடிக்கும். வண்டி 0.5 பாரிலேயே நாக்கிங் வந்து தட்டியது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவினாற்போல் புள்ளி, நடுநடுவே அலுமினியப் பொட்டுகள் மின்னின. பிஸ்டன் அரிபட ஆரம்பித்திருந்தது.

நாங்கள் கம்ப்ரஷனை ஏற்றினோம். வண்டிக்காரருக்கு முதலில் நம்பிக்கையே இல்லை. ஹெட்டின் தட்டைப் பகுதிக்கு நேரே தட்டையாகவும், அறைக்கு நேரே மட்டும் சுமார் 5 சிசி குழிந்தும் இருக்கிற பிஸ்டன், 1 மில்லிக்கு ஒற்றை எஃகு அடுக்குக் கேஸ்கெட், அவ்வளவுதான். கம்ப்ரஷன் 9, இடைவெளி 1 மில்லி. அதே டர்போ, அதே பெட்ரோல், 0.7 பாரில் சத்தம் போடாமல் இழுத்தது, டைமிங்கும் முன்பைவிட முன்னால் வைக்க முடிந்தது. எஃகு கனெக்டிங் ராடுக்கு நான் 1 மில்லிக்குக் கீழே அதிகம் போக மாட்டேன். சுழற்சி ஏற ஏற ராடு கொஞ்சம் நீளும், பிஸ்டன் ஆடும், ஹெட்டைத் தொட்டுவிட்டால் கதை வேறு.

கம்பெனி சொல்லும் சிசி அளவை நம்பி இந்தக் கணக்கைப் போடாதீர்கள். ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, வால்வுகளை மாட்டி, பிளக்கையும் திருகி, அறையின் விளிம்பில் மெல்லிசாகக் கிரீஸ் தடவி, ஓட்டை போட்ட அக்ரிலிக் தகட்டை அழுத்தி ஒட்டி, பியூரெட்டில் சாயம் கலந்த திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கடைசிக் காற்றுக்குமிழ் ஓட்டை வழியாக வெளியேறும் வரை ஹெட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும், அலுப்பான வேலைதான். ஏற்கனவே ஃபேஸிங் செய்த, அதாவது அடிப்பரப்பைச் சீவிச் சமப்படுத்திய, ஹெட் என்றால் அறைக்கு அறை ஒரு சிசி வித்தியாசம்கூட வரும், மற்ற மூன்றும் அமைதியாக இருக்கும்போது ஒரு சிலிண்டர் மட்டும் தட்டுவதற்கு அது ஒரு காரணம்.

எண் வேண்டும் என்கிறவர்களுக்கு, பம்ப் பெட்ரோல், இன்டர்கூலர், 0.7 பார் அளவில் நான் வைப்பது இது. பிளக் ஓரத்தில் இருக்கும் பழைய இரண்டு வால்வு இரும்பு ஹெட் என்றால் 8-க்கும் 8.5-க்கும் நடுவில். நாலு வால்வு, நடு பிளக், அலுமினியம் என்றால் 9-லிருந்து 9.5. நேராகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜின் 10-க்கு மேலும் சமாளிக்கும், ஏனென்றால் பெட்ரோல் உள்ளேயே ஆவியாகிக் காற்றைக் குளிர வைக்கிறது.

ஹெட் வேலையில் எல்லோருக்கும் காற்று போகும் வழியான போர்ட்டைப் பெரிதாகக் குடைய ஆசை. பூஸ்ட் இருக்கிறதே, காற்று தானே தள்ளிக்கொண்டு வரும், குடைய வேண்டியதே இல்லை என்று இன்னொரு கூட்டம். இரண்டு பேச்சிலும் எனக்கு உடன்பாடு இல்லை. நன்றாக மூச்சு விடும் ஹெட் அதே காற்றைக் குறைந்த பூஸ்டில் உள்ளே விடும், குறைந்த பூஸ்ட் என்றால் குறைந்த சூடு. ஆனால் அளவுக்கு மீறிக் குடைந்தால் கீழ்ச் சுழற்சியில் காற்றின் வேகம் செத்துவிடும், ரோட்டில் ஓட்டுபவர் வாழ்வதே அந்தச் சுழற்சியில்தான். ஸ்பிரிங்கையும் பாருங்கள். 35 மில்லி இன்டேக் வால்வின் முதுகில் 0.7 பார் பூஸ்ட் ஏறக்குறைய 7 கிலோ விசையோடு அதைத் திறக்கப் பார்க்கும், தளர்ந்த பழைய ஸ்பிரிங் அதற்கு ஈடு கொடுக்காது.

நான் விட்டுக்கொடுக்காதது எக்ஸாஸ்ட் வால்வ் சீட்டில்தான், வால்வு மூடும்போது வந்து உட்காரும் விளிம்பு அது. வால்வின் சூடு பெரும்பங்கு அந்தச் சீட் வழியாகத்தான் ஹெட்டுக்கு இறங்குகிறது, அதனால் டர்போ இன்ஜினில் ஒன்றரை மில்லிக்குக் குறையாமல் அகலம் விடுவேன். ரேஸ் ஹெட்டில் பார்த்தோம், காற்று இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் போகும், ஒரு மில்லிக்கு வெட்டித் தாருங்கள் என்று கேட்பவர்களிடம் வேறு பட்டறை பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுகிறேன்.