பத்தாவது கணக்கு திரும்பப் போடுறேன், வர்க்கப்பூர்த்தி வரைக்கும் வந்தாச்சு

ரெண்டு மாசமா நைட்டு சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மணி நேரம் பத்தாம் வகுப்பு கணக்கு போட்டுட்டு இருக்கேன். பரிட்சைக்கு இல்ல, யாருக்கும் சொல்லிக் குடுக்கவும் இல்ல, ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணி மார்க் வாங்குனத ஒரு தடவையாவது புரிஞ்சு போடணும்னு ரொம்ப நாள் ஆசை. ஒரே ஒரு விதிதான் வச்சிருக்கேன், எந்த ஸ்டெப்பையும் மனசுக்குள்ளயே போட்டுட்டு தாண்டக் கூடாது, எவ்ளோ சின்னதா இருந்தாலும் நோட்டுல ஏறணும்.

யூக்ளிட் முறையில மீ.பொ.வ. (மீப்பெரு பொது வகுத்தி, அதாவது ரெண்டு எண்ணையும் மீதியில்லாம வகுக்கிற பெரிய எண்) கண்டுபிடிக்கிறது சீக்கிரம் முடிஞ்சுது. 252ஐ 105ஆல வகுத்தா மீதி 42, 105ஐ 42ஆல வகுத்தா மீதி 21, 42ல 21 சரியா போயிடுது, அப்ப விடை 21.

கூட்டுத் தொடர்வரிசைல, அதாவது ஒரே அளவு கூடிக்கிட்டே போற எண் வரிசைல தான் முதல்ல மாட்டுனேன். 300க்கும் 600க்கும் நடுவுல 7ஆல வகுபடுற எண்களோட கூடுதல் கேட்டிருந்தாங்க. முதல் எண் 301, கடைசி 595, வித்தியாசம் 294, அத 7ஆல வகுத்தா 42னு வந்ததும் 42 எண் இருக்குன்னு எழுதிட்டேன், விடை ஒத்துவரல. அப்புறம் ஒவ்வொரு வரியா திரும்பப் படிச்சப்ப தான் தெரிஞ்சுது, 42ங்கிறது இடைவெளிங்க எண்ணிக்கை. வேலி போடுறப்ப 5 கம்பம் நட்டா நடுவுல 4 இடைவெளிதானே, அதே கதை, எண்கள் 43. 301ஐயும் 595ஐயும் கூட்டி பாதியாக்குனா 448, அத 43ஆல பெருக்குனா 19264. ஸ்டெப் எழுதி வச்சதுனால தான் தப்பு எந்த வரின்னு கை வச்சு காட்ட முடிஞ்சுது.

இப்ப மூணு வாரமா இருபடிச் சமன்பாடு, எக்ஸ்² வர்ற சமன்பாடு. காரணிப்படுத்தறது வருது, சூத்திரமும் ஞாபகம் இருக்கு, ஆனா வர்க்கப்பூர்த்தி முறைல எக்ஸுக்கு முன்னால இருக்கிற எண்ணுல பாதிய எடுத்து வர்க்கப்படுத்தி ரெண்டு பக்கமும் கூட்டுன்னு சொல்றாங்களே, ஏன் பாதி? அந்தக் காலத்துல நான் கேட்கவே இல்ல. 9ஆம் நூற்றாண்டுல பாக்தாத்ல இருந்த கணித அறிஞர் அல் குவாரிஸ்மி இதப் படமாவே போட்டிருக்கார், அவரோட கணக்கு எக்ஸ்² + 10எக்ஸ் = 39. கட்டம் போட்ட பேப்பர வெட்டி செஞ்சு பாத்தேன். எக்ஸ் பக்கம் உள்ள சதுரம் ஒண்ணு, 10எக்ஸ ரெண்டா பிரிச்சு அஞ்சு அகலத்துல ரெண்டு பட்டை, ஒண்ணு வலது பக்கம் ஒண்ணு கீழ. ஒட்டிப் பாத்தா மூலைல 5க்கு 5 ஒரு ஓட்டை, அந்த 25ஐ அடைச்சா முழு சதுரம்! 39ம் 25ம் 64, அப்ப பெரிய சதுரத்தோட பக்கம் 8, அஞ்ச கழிச்சா எக்ஸ் 3. பாதி எடுக்கிறது ரெண்டு பக்கமும் ஒட்டுறதுக்குத்தான், வர்க்கம் அந்த மூலைக்குத்தான். பேப்பர மடியில வச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்தேன், அவ்ளோ சந்தோஷம். மைனஸ் 13ம் ஒரு விடைதான், ஆனா நீளம் மைனஸ்ல இருக்காதுல்ல, அதனால படத்துல அது வராது.

அதே தைரியத்துல 2எக்ஸ்² − 7எக்ஸ் + 3 = 0. முழுசையும் 2ஆல வகுத்து, 3/2ஐ அந்தப் பக்கம் தள்ளி, 7/2ல பாதி 7/4, வர்க்கம் 49/16. வலது பக்கம் 49/16ல இருந்து 24/16 போக 25/16, வர்க்கமூலம் 5/4, ஆக எக்ஸ் 3 இல்லன்னா 1/2. ரெண்டையும் திரும்பப் போட்டுப் பாத்தேன், பூஜ்யம் வந்துச்சு.

நேத்து எண்ணுக்குப் பதிலா ஏ, பி, சி வச்சு இதே ஸ்டெப்புகள எழுதுனேன், சூத்திரம் தானா வந்து நின்னுது. பி² − 4ஏசில அந்த 4 எங்கிருந்து வருதுன்னு இத்தன வருஷம் தெரியாது. சி/ஏவோட பகுதிய, அதாவது கோட்டுக்குக் கீழ இருக்கிறத 4ஏ² ஆக்குறப்ப தான் வருது, மேல 3/2 24/16ஆ மாறுன அதே இடம்.

அடுத்து எக்ஸ்² − 10எக்ஸ்னு மைனஸ் வந்தா பேப்பர எப்படி வெட்டுறதுன்னு பாக்கணும். ரெண்டு பட்டைய எடுக்கிறப்ப மூலை ரெண்டு தடவை போயிடும், அதனால ஒரு தடவை திருப்பி வைக்கணும்னு தோணுது, வெட்டிப் பாத்துட்டு எழுதுறேன்.