ரொட்டி இல்லாத ஆறு வாரம்

ஜனவரி 6, 2025, திங்கள்

டிசம்பர் காலண்டரை இன்றுதான் ஆணியிலிருந்து கழற்றினேன். தலை வலித்த நாளுக்கெல்லாம் சிவப்புப் பேனாவால் புள்ளி வைப்பது என் பழக்கம். எண்ணிப் பார்த்தால் 19 புள்ளி. 31 நாளில் 19 நாள் வலி. வலது பொட்டில் தொடங்கி கண்ணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் குமட்டல், வெளிச்சம் ஆகாது, ஃபேக்டரியில் ட்ரையர் ஓடுகிற சத்தம் ஆகாது. கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறேன், கொழுந்து போட்டவர்களுக்குப் பணம் கணக்குப் பார்க்கிற வாரத்தில் லீவு சொல்லவே முடியாது, அதனால் மாத்திரை போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். கண்ணாடி மாற்றியாகிவிட்டது. ஸ்கேன் எடுத்து ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சைனஸ் என்று சொல்லி ஆறு மாதம் ஆவி பிடித்தும் பார்த்தாகிவிட்டது.

கோயம்புத்தூரில் இருக்கும் சித்தி மகள் நேற்று போனில், "அக்கா, நான் கோதுமையை நிறுத்தினேன், தலைவலியே போயிடுச்சு, நீயும் செஞ்சு பாரு" என்றாள். குளூட்டன் என்று ஏதோ சொன்னாள். நாளையிலிருந்து நிறுத்திவிடலாம் என்றுதான் இருக்கிறேன்.

ஜனவரி 8, புதன்

நல்லவேளை, நிறுத்துவதற்கு முன்னால் குன்னூர் டாக்டரிடம் கேட்டேன். "இருங்கம்மா, மொதல்ல ரத்தம் குடுத்துட்டு அப்புறம் நிறுத்துங்க" என்றார். கோதுமை, பார்லி, ரை இந்த மூன்று தானியத்திலும் இருக்கும் புரதம்தான் குளூட்டன். சீலியாக் என்று ஒரு நோய், அது இருப்பவர்கள் குளூட்டன் சாப்பிட்டால் அவர்கள் உடம்பே தன் சிறுகுடலின் உள்சுவரைத் தாக்கும். அவர்களில் சிலருக்குத் தலைவலியும் வரும். அதைக் கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனை, டிடிஜி என்கிறார்கள், கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் சரியாகக் காட்டும். நிறுத்திக் கொஞ்ச நாள் கழித்து எடுத்தால் நோய் இருந்தாலும் இல்லை என்று வந்துவிடலாம். இதைப் படிக்கிறவர்கள் யாராவது நிறுத்திப் பார்க்க நினைத்தால் தயவுசெய்து இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

நம் பக்கம் அது அபூர்வம் என்றும் சொன்னார். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். 2016இல் வெளியான இந்திய ஆய்வில் வடக்கே நூற்றுக்கு 1.23 பேர், தெற்கே 0.10, அதாவது ஆயிரத்தில் ஒருவர். தெற்கே கோதுமை சாப்பிடும் அளவும் அங்கே இருப்பதில் சின்னப் பங்குதான். எங்கள் வீட்டுக் கதை வேறு, அதை அப்புறம் எழுதுகிறேன்.

இன்னொன்றும் கேட்டார். மாதத்தில் எத்தனை நாள் மாத்திரை போடுகிறீர்கள்? பதினாறு என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மாதம் 10, 15 நாளுக்கு மேல் வலி மாத்திரை மூன்று மாதமாகத் தொடர்ந்தால் அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கும் என்றார். இனி வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் போடக்கூடாது. முதல் பத்து நாள் வலி கூடும், தாங்கிக்கொள்ளுங்கள் என்றார்.

ஜனவரி 10, வெள்ளி

முதல் நாள். அம்மாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

அம்மா 1972இல் ஒன்பது வயதில் இலங்கையில் நுவரெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தலைமன்னார் வந்து, கப்பல் ஏறி ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு நீலகிரிக்கு வந்தவர். இலங்கைத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியா திரும்ப ஏற்பது என்று இரு நாடும் போட்ட 1964 சிரிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசு இங்கே தேயிலை போட்டது. அங்கே லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், இருந்தபோது அரிசி கிடைக்காத நாளெல்லாம் ரேஷன் மாவுதான் என்பார் அம்மா. மாவில் தேங்காய்ப்பூவும் உப்பும் போட்டுப் பிசைந்து கல்லில் சுட்டால் ரொட்டி, அதற்கு ஒரு சம்பல், கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் இதைக் கட்டிக்கொண்டுதான் மலை ஏறுவார்கள். இங்கே வந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் எங்கள் வீட்டில் காலையில் ரொட்டிதான். ஊரே இட்லி அவிக்கும்போது நாங்கள் ரொட்டி சுடுகிறவர்கள்.

"மாவுல என்னம்மா இருக்கு? நீ பொறந்ததுலருந்து அதத்தானே திங்கிற" என்றார். ஆறு வாரம் மட்டும்தான் என்றேன். ஒன்றும் சொல்லாமல் பிசைந்து வைத்திருந்ததை எடுத்துப் பையனுக்குச் சுட்டுக் கொடுத்தார்.

ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்

தலை பிளக்கிறது. ஐந்தாவது நாளாக வலி. நேற்று இரவு பிடரியிலிருந்து நெற்றிவரை கயிற்றால் இறுக்கிக் கட்டியதுபோல் இருந்தது, தூக்கமே இல்லை, வெளியே புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருப்பதை ஐந்து மணிக்கு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாத்திரையை நிறுத்தினால் இப்படித்தான் என்று தெரிந்தும் பயமாக இருக்கிறது.

பொங்கல் அரிசிதானே, கவலை இல்லை என்று நிம்மதியாக இருந்தேன். சாம்பார் தாளிக்கும்போது பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் அதில் கோதுமை மாவு! கடையில் வரும் கூட்டுப் பெருங்காயத்தில் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருப்பது சகஜமாம், சிலதில் மட்டும் அரிசி மாவு. நாலு நாளாகக் கோதுமையே தொடவில்லை என்று நினைத்து ரசத்தில் தினமும் சாப்பிட்டிருக்கிறேன். அப்புறம் அலமாரியையே கீழே இறக்கிவிட்டேன். பையனின் மால்ட் பவுடர் பார்லியும் கோதுமையும். சோயா சாஸ் கோதுமை. சேமியா, ரவை சொல்லவே வேண்டாம். சர்க்கரைக்கு நல்லது என்று அம்மாவுக்கு வாங்கும் சம்பா ரவையும் கோதுமைதான், அதிலும் குளூட்டன் உண்டு.

ஜனவரி 17, வெள்ளி

ரிசல்ட் வந்தது. டிடிஜி நார்மல். சீலியாக் இருப்பதற்கான அடையாளம் இல்லை.

சந்தோஷப்பட வேண்டும், ஆனால் உண்மையைச் சொல்கிறேன், கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஏதாவது ஒரு பெயர் கிடைத்தால் போதும் என்று ஆகிவிட்டது எனக்கு. சீலியாக் இல்லாமலே கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு, அதற்குத் தனிப் பரிசோதனை கிடையாது, நிறுத்திப் பார்த்து மறுபடி சாப்பிட்டுப் பார்ப்பதுதான் வழி என்றார் டாக்டர். சரி, தொடங்கியதை முடித்துவிடலாம்.

ஜனவரி 19, ஞாயிறு

இன்று அம்மா தானாகவே அரிசி மாவில் ரொட்டி போட்டுப் பார்த்தார். முதல் மூன்றும் கல்லிலேயே உடைந்துவிட்டன. கோதுமை மாவைப் பிசையும்போது ரப்பர் மாதிரி இழுபடுகிறதே, அதுதான் குளூட்டன், மாவைப் பிடித்து வைக்கும் வலை. அரிசியில் அந்த வலை இல்லை. இதை நான் சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தண்ணீரைக் கொதிக்கவைத்து மாவில் ஊற்றிக் கரண்டிக் காம்பால் கிண்டி, சூடு பொறுக்கும் பதத்தில் பிசைந்து, வாழையிலையில் வைத்துத் தட்டிப் போட்டார். உடையவில்லை! ஓரம் கொஞ்சம் முறுகலாக, தேங்காய் வாசத்தோடு. நான்கு சாப்பிட்டேன். ஆனால் ஆறினால் கல்லாகிவிடுகிறது, கட்டிக்கொண்டு போக முடியாது.

ஜனவரி 28, செவ்வாய்

மூன்று நாளாக ஒரு புள்ளிகூட இல்லை. கடைசியாக இப்படி மூன்று நாள் எப்போது இருந்தேன் என்று நினைவில்லை. நேற்று பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வெயில் கண்ணில் பட்டும் ஒன்றும் ஆகவில்லை, அழுகை வந்துவிட்டது.

ஆபீஸில் பத்து மணி டீயோடு வரும் வர்க்கியைத்தான் விட முடியவில்லை. மைதாவும் நெய்யுமாக அடுக்கடுக்காக உதிரும் அந்த வர்க்கிக்கு 2023இல் புவிசார் குறியீடே கிடைத்தது. எங்கள் மலையில் வளர்ந்தவர்களுக்கு டீ என்றால் அதுவும் சேர்ந்ததுதான். இப்போது டப்பாவில் வேர்க்கடலை கொண்டுபோகிறேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

சித்தி மகள் கேட்டாள், "பாத்தியா, நான் சொன்னேன்ல?" ஆமாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் காலண்டரைப் பார்த்துக்கொண்டே யோசித்தபோது ஒன்று உறுத்தியது. நான் மாற்றியது கோதுமையை மட்டும் இல்லை. மாத்திரை பதினாறு நாளிலிருந்து ஐந்து நாளாகியிருக்கிறது. அதோடு, முன்பெல்லாம் காலையில் வெறும் டீ குடித்துவிட்டு ரொட்டியைக் கட்டிக்கொண்டு 7.40 பஸ்ஸுக்கு ஓடுவேன், அதைப் பிரிப்பதற்குப் பத்தரை, பதினொன்று ஆகிவிடும், கணக்கு முடியாவிட்டால் பன்னிரண்டுகூட ஆகும். இப்போது இட்லியோ கேழ்வரகுக் கூழோ கட்டிக்கொண்டு போக முடியாது என்பதால் ஏழு மணிக்கே வீட்டில் சாப்பிட்டுவிடுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடாமல் இருப்பது ஒற்றைத் தலைவலியைக் கிளப்பும் என்று டாக்டரும் முதல் நாளே சொல்லியிருந்தார்.

மூன்றையும் ஒன்றாக மாற்றிவிட்டுப் பெயரை மட்டும் கோதுமைக்குக் கொடுப்பது நியாயமில்லை.

பிப்ரவரி 22, சனி

ஆறு வாரம் முடிந்தது. கடைசி 30 நாளில் எட்டுப் புள்ளி. 19இலிருந்து எட்டு.

திங்கள் முதல் கோதுமை மறுபடி. ஆனால் மற்ற எதையும் மாற்றக்கூடாது. மாத்திரைக் கணக்கு அதேதான், காலைச் சாப்பாடு அதே ஏழு மணி, தூக்கம் அதே நேரம். பயமாக இருக்கிறது. கிடைத்த நல்ல நாட்களை நானே கெடுத்துக்கொள்வேனோ என்று இருக்கிறது, இவரும் "நல்லாத்தானே இருக்கே, எதுக்கு இப்ப?" என்கிறார். ஆனால் வாழ்நாள் முழுக்க அம்மா கையால் ஒரு ரொட்டி சாப்பிடாமல் இருக்க வேண்டுமென்றால் அதற்குச் சரியான காரணம் எனக்குத் தெரிய வேண்டும்.

பிப்ரவரி 24, திங்கள்

ஏழு மணிக்கு இரண்டு ரொட்டி, தேங்காய்ச் சம்பல். அம்மா பக்கத்திலேயே நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயந்திரம்வரை ஒன்றும் இல்லை.

மார்ச் 2, ஞாயிறு

ஒரு புள்ளி. வெள்ளிக்கிழமை, மாதக் கடைசிக் கணக்கு, மதியச் சாப்பாடு மூன்றரை மணிக்கு. தினமும் ரொட்டி சாப்பிட்டேன், புதன் பத்து மணிக்கு வர்க்கியும்.

மார்ச் 9, ஞாயிறு

இரண்டு வாரம், இரண்டு புள்ளி. இரண்டாவது புள்ளி செவ்வாய்க்கிழமை வந்தது, மாதவிடாய்க்கு முந்தின நாள், அது எனக்கு எப்போதும் வருவது.

கோதுமை என் தலைவலிக்குக் காரணம் இல்லை என்றே இப்போது நினைக்கிறேன். சித்தி மகளுக்கு அது காரணமாக இருக்கலாம், நான் அதை மறுக்கவில்லை, அவளையும் ரத்தப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன், நிறுத்திவிட்டதால் அவளுக்கு அது இனி அவ்வளவு எளிதில்லை. சீலியாக் இருப்பவர்களுக்கோ கோதுமையை விடுவதுதான் மருந்து, வாழ்நாள் முழுக்க. எனக்கு இரண்டு விஷயம்தான், மாத்திரையும் பட்டினியும்.

அம்மாவிடம் காலண்டரைக் காட்டினேன். புள்ளிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிவிட்டு, "அப்ப மாவு மேல குத்தம் இல்லையா?" என்றார். இல்லம்மா என்றேன். நாளைக்கு ரொட்டியா, அரிசி ரொட்டியா என்று கேட்டார். எதுவானாலும் சரி, ஏழு மணிக்குள் தட்டில் இருந்தால் போதும் என்றேன்.