ரீங்காரத்தைக் காதால் பிரித்த ஆசிரியர்

பினாங்கில் நாங்கள் ஐந்தாம் படிவம் பயின்ற 1980களின் தொடக்கத்தில், தமிழ் மொழிக் கழகப் பேச்சுப் போட்டிக்காக ஒலிவாங்கி முன்பெருக்கி (ஒலிவாங்கி தரும் மெல்லிய மின்னலையை முதலில் பெருக்கிக் கொடுக்கும் சுற்று) ஒன்றைப் பள்ளிச் சோதனைக்கூடத்திலேயே செய்தோம். பேச்சாளர் மூச்சு வாங்கிய இடைவெளியிலெல்லாம் ஒலிபெருக்கி ரீங்காரமிட்டது.

மின்வழங்கியில், மின்னேற்றத்தைச் சேமித்து ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் கெப்பாசிட்டரை இன்னும் பெரிதாகப் போடுங்கள் என்றே எல்லாரும் சொன்னார்கள். எங்கள் இயற்பியல் ஆசிரியரோ, பெட்டியைத் திறக்குமுன் காதைத் தீட்டிக்கொள்ளச் சொன்னார். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கசியும் காந்தப்புலம் சுற்றுக்குள் புகுந்தால் அதே 50 ஹெர்ட்ஸில் ஆழ்ந்து ஒலிக்கும். மாறுமின்சாரத்தின் இரு அரை அலைகளையும் ஒரே திசைக்குத் திருப்பும் டயோடு பாலத்தைக் கடந்து வருவதோ 100 ஹெர்ட்ஸில் கரகரவென்று ஒலிக்கும். டிரான்ஸ்ஃபார்மரைத் திருப்பி வைத்துப் பார்த்தோம், ஒலி மாறவில்லை. கரகரப்பும் தெளிவாகவே இருந்தது. ஆக, கோளாறு பாலத்தின் பக்கம்தான்.

பிறகு கரும்பலகையில் கணக்குப் போட்டார். 2200 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரிலிருந்து 0.1 ஆம்பியர் எடுத்தால், அடுத்த அலை வந்து நிரப்பும்வரையான 10 மில்லிசெகண்டில் மின்னழுத்தம் ஏறத்தாழ 0.45 வோல்ட் இறங்கும். மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் எல்எம்317 ரெகுலேட்டர் சில்லு அந்த ஏற்ற இறக்கத்தை 65 டெசிபெல், அதாவது ஏறத்தாழ 1,800 மடங்கு, குறைத்துவிடும். அதன் சரிசெய்முனையில் 10 மைக்ரோஃபாரட் சேர்த்தால் 80 டெசிபெல், அதாவது 10,000 மடங்கு வரை குறையும். ஆக, எஞ்சுவது மில்லிவோல்ட்டில் ஒரு சிறு பங்குதான். அப்படியானால் இவ்வளவு பெரிய ரீங்காரம் எங்கிருந்து வருகிறது?

கம்பியிலிருந்து வந்தது. பாலம் கெப்பாசிட்டரை நிரப்பும் மின்னோட்டம் சீராகப் பாய்வதில்லை. ஒவ்வொரு அலை உச்சியிலும் சராசரியைப் போல் பல மடங்கு உயர்ந்த குறுந்துடிப்பாகப் பாய்கிறது. ஒரு ஆம்பியர் துடிப்பு 10 மில்லி ஓம் கம்பியில் 10 மில்லிவோல்ட்டை உண்டாக்கும். ஒலிவாங்கி தருவதே அதற்கும் குறைவு. முன்பெருக்கியின் தரைக்கம்பி (சுற்றின் சுழிய மின்னழுத்தமாகக் கொள்ளப்படும் கம்பி) அந்தத் துடிப்பு ஓடும் பாதையின் நடுவில் பற்றவைக்கப்பட்டிருந்தது. கெப்பாசிட்டரைப் பெரிதாக்கினால் துடிப்பு இன்னும் குறுகி, இன்னும் உயருமே தவிர அடங்காது. ஆசிரியர் அந்தக் கம்பியை வெட்டி, கெப்பாசிட்டரின் முனையிலிருந்தே தரையை எடுத்துக் கொடுத்தார். காசு செலவில்லாமல் ரீங்காரம் அடங்கியது.

1972இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரத்தில்தான் நம் மாணவர் பலருக்கும் பின்னாளில் வேலை கிடைத்தது. நானும் அங்கே அளவீட்டுக் கருவிகளுக்கான மின்வழங்கிகளை வடிவமைத்தேன். இன்று எல்டி3042 போன்ற ரெகுலேட்டர் சில்லு, 10 ஹெர்ட்ஸ் முதல் 100 கிலோஹெர்ட்ஸ் வரை வெறும் 0.8 மைக்ரோவோல்ட் இரைச்சலோடு மின்சாரம் தருகிறது. ஆயினும், முன்னால் நிற்கும் ஸ்விட்சிங் மின்வழங்கியின் (மின்னோட்டத்தை வேகமாக விட்டுவிட்டுச் செலுத்தி மின்னழுத்தத்தை மாற்றும் வகை) துடிப்போட்டம் பலகையில் வளையமிட்டு ஓடினால், அதன் காந்தப்புலம் சில்லைத் தாண்டி நேரே வெளியீட்டுத் தடத்தில் ஏறிவிடும். ஆகவே இளம் பொறியாளர் யாரேனும் வரைபடத்தைக் கொண்டுவந்தால், சில்லின் பெயரைப் பிறகு கேட்கலாம் என்று ஒதுக்கிவிட்டு, துடிப்போட்டம் எங்கே கிளம்பி எவ்வழியே திரும்புகிறது என்பதைப் பென்சிலால் வரைந்து காட்டச் சொல்கிறேன்.